ஆயிரம் பேர் கட்சி மாறினார்களா? பிரைமரிக்கு முன் வரும் பதிவு எண்களை எப்படிப் பார்ப்பது

நீங்கள் கேட்டதை முதலில் என் சொற்களில் வைத்துக்கொள்கிறேன். பென்சில்வேனியாவில் உங்கள் கவுண்டியில் (நம் ஊர் மாவட்டம் மாதிரி) பிரைமரிக்கு, அதாவது நவம்பர் பொதுத்தேர்தலுக்கான வேட்பாளரைக் கட்சிகள் தேர்ந்தெடுக்கும் முன்தேர்தலுக்கு, இன்னும் ஆறு வாரம் இருக்கிறது. ஜனவரியில் இருந்து ஜனநாயகக் கட்சியின் வாக்காளர் பதிவு 1,000 குறைந்திருக்கிறது, குடியரசுக் கட்சியின் பதிவு 1,200 கூடியிருக்கிறது. உங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர், "ஆயிரம் பேர் கட்சி மாறிவிட்டார்கள், நவம்பர் முடிவு இப்போதே தெரிந்துவிட்டது" என்கிறார். இன்னொருவர், "அடுத்த கட்சியின் பிரைமரியில் புகுந்து குழப்பத்தான் மாறுகிறார்கள்" என்கிறார். யார் சொல்வது சரி என்பது உங்கள் கேள்வி. இதற்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. நிஜமாக மாறியவர்கள் எத்தனை பேர், ஏன் மாறினார்கள், அது நவம்பரைக் காட்டுமா? முதலாவதற்கு உறுதியான விடை உண்டு, நீங்களே கண்டுபிடித்துவிடலாம். இரண்டாவதற்குப் பாதி விடைதான் கிடைக்கும். மூன்றாவதற்கு, பெரும்பாலும் காட்டாது என்பது என் கருத்து. அதற்கான காரணங்களைக் கீழே சொல்கிறேன்.

நான் பன்னிரண்டு வருடங்களாக வாக்காளர் கோப்புகளோடு வேலை செய்கிறேன். தேர்தல் நாளில் வாக்குச்சாவடி மேசையிலும் உட்கார்ந்து பழக்கம். இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்ததால்தான் எண்களை நம்பும் விதம் எனக்கு மாறியது. நம் ஊர் வாக்காளர் பட்டியலில் கட்சி என்று ஒரு கட்டமே கிடையாது. இங்கே அமெரிக்காவில் சுமார் 30 மாநிலங்களில் அரசாங்கம் வைத்திருக்கும் பட்டியலிலேயே உங்கள் பெயருக்குப் பக்கத்தில் கட்சி எழுதப்பட்டிருக்கும். டெக்சஸ், வர்ஜீனியா போன்ற மாநிலங்களில் அந்தக் கட்டம் இல்லை. பென்சில்வேனியாவில் உண்டு. அதுமட்டுமல்ல, இங்கே நடப்பது மூடிய பிரைமரி. ஜனநாயகக் கட்சியில் பதிந்தவர் அந்தக் கட்சி வேட்பாளர்களுக்கு இடையில் மட்டும் தேர்ந்தெடுக்கலாம், குடியரசுக் கட்சியில் பதிந்தவர் அவர்களுக்கு இடையில் மட்டும். எந்தக் கட்சியும் வேண்டாம் என்று பதிந்தவருக்கு வேட்பாளர் தேர்வில் ஓட்டே இல்லை. மக்களிடம் நேரடியாக விடப்படும் சட்டக் கேள்விகளோ இடைத்தேர்தலோ அதே நாளில் வந்தால் அதற்கு மட்டும் ஓட்டுப் போடலாம். மாநிலம் முழுக்க இப்படி வெளியே நிற்பவர்கள் 10 லட்சத்துக்கும் மேல்.

ஒரு பிரைமரி நாள் காலையில் நடந்ததைச் சொன்னால் இந்த விதி எப்படி வேலை செய்கிறது என்று புரியும். ஒரு தீயணைப்பு நிலையத்தில் எங்கள் வாக்குச்சாவடி. ஏழரை மணி இருக்கும், ஒரு தமிழ்த் தம்பதி வந்தார்கள். கணவரின் பெயருக்குப் பக்கத்தில் 'டி' (டெமாக்ரட், ஜனநாயகக் கட்சி) என்று அச்சாகியிருந்தது, அவருக்கு வாக்குச்சீட்டு கொடுத்தாயிற்று. மனைவியின் பெயருக்குப் பக்கத்தில் கட்சி இல்லை. ஓட்டுநர் உரிமம் புதுப்பிக்கப் போன இடத்தில் திரையில் வந்த வாக்காளர் பதிவையும் முடித்திருக்கிறார். கட்சி கேட்ட இடத்தில், இது எதற்கு நமக்கு என்று தாண்டிப் போய்விட்டார். "அண்ணா, போன நவம்பரில் இதே மேசையில் நீங்கள்தானே எனக்குச் சீட்டு கொடுத்தீர்கள்?" என்று கேட்டார். கொடுத்தது நான்தான். பொதுத்தேர்தலில் கட்சிக் கட்டத்தை யாரும் பார்ப்பதில்லை, இன்று பார்க்கிறோம் என்று விளக்கினேன். அவர் வந்ததே பள்ளி வாரியத் தேர்வுக்காக. எங்கள் டவுன்ஷிப்பில் அந்த இடங்கள் பல தடவை பிரைமரியிலேயே முடிவாகிவிடும். கையில் குழந்தையோடு ஓட்டுப் போடாமலே திரும்பினார். அடுத்த மாதமே படிவம் நிரப்பிக் கட்சியைச் சேர்த்துக்கொண்டார் என்று பிறகு அவரே சொன்னார். உங்கள் அட்டவணையில் அது ஒரு கட்சிக்குக் கூடிய ஒரு எண். அவர் எந்தக் கட்சியையும் விட்டு வரவில்லை, எந்தக் கட்சி மேலும் புதிதாகப் பற்று வரவில்லை. பள்ளி வாரியத்துக்கு ஓட்டுப் போட வேண்டும், அவ்வளவுதான்.

இப்போது உங்கள் எண்களுக்கு வருவோம். ஒரு கட்சியின் பதிவு எண்ணிக்கை ஏரித் தண்ணீர் மாதிரி. மட்டம் இறங்கியதை வைத்து எந்த மதகு வழியாகப் போனது என்று சொல்ல முடியாது. புதிதாகப் பதிபவர்கள், ஒரு கட்சியில் இருந்து மறு கட்சிக்குப் போகிறவர்கள், கட்சியே வேண்டாம் என்று வெளியேறுகிறவர்கள், வெளியே இருந்து உள்ளே வருகிறவர்கள், வீடு மாறியவர்கள், இறந்தவர்கள், நீண்ட நாள் ஓட்டுப் போடாததால் நீக்கப்பட்டவர்கள் என்று பல வழிகள் உண்டு. கணக்குக்காக ஒரு சாத்தியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஜனநாயகக் கட்சிப் பட்டியலில் நீக்கம் 700, குடியரசுக் கட்சிக்கு மாறியவர்கள் 400, அங்கிருந்து வந்தவர்கள் 150, கட்சி வேண்டாம் என்று போனவர்கள் 250, புதிதாகச் சேர்ந்தவர்கள் 200. கூட்டிக் கழித்தால் சரியாக 1,000 குறைவு. குடியரசுக் கட்சிப் பக்கம் நீக்கம் 300, உள்ளே வந்த அதே 400, வெளியே போன அதே 150, கட்சி இல்லாமல் இருந்து வந்தவர்கள் 350, புதியவர்கள் 900. கூட்டினால் 1,200 அதிகம். உங்கள் அட்டவணையோடு அப்படியே பொருந்துகிறது. ஆனால் இரண்டு கட்சிகளுக்கும் இடையில் நிகரமாக மாறியவர்கள் 250 பேர்தான். இவை நான் போட்ட எண்கள், உங்கள் கவுண்டியில் உண்மை வேறாக இருக்கும். எனினும் "ஆயிரம் பேர் மாறினார்கள்" என்று இந்த இரண்டு எண்களை மட்டும் வைத்து யாராலும் சொல்ல முடியாது என்பது நிச்சயம்.

பெயர் நீக்கத்தைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெரும்பாலானவர்கள் ஏமாறும் இடம் இது. 1993-இல் வந்த தேசிய வாக்காளர் பதிவுச் சட்டப்படி, மத்திய அளவிலான பிரைமரிக்கோ பொதுத்தேர்தலுக்கோ முந்தைய 90 நாட்களில் பட்டியலை மொத்தமாகச் சுத்தம் செய்யக் கூடாது. அதனால் அந்த வேலை தேர்தல் இல்லாத மாதங்களில் குவிகிறது. வீடு மாறியிருக்கலாம் என்று சந்தேகப்படும் ஒருவருக்கு முதலில் கடிதம் போகும். பதில் வராவிட்டால், அடுத்து வரும் இரண்டு மத்தியப் பொதுத்தேர்தல்களிலும் அவர் ஓட்டுப் போடாமல் இருந்தால்தான் பெயரை எடுக்கலாம். இந்தக் கெடு முடிந்தவர்களின் பெயர்கள் ஒரு குளிர்காலத்தில் மொத்தமாக விழும். யாருடைய பட்டியலில் பழைய பெயர்கள் அதிகமோ அவர்களுக்குத்தான் அடி அதிகம். பென்சில்வேனியாவின் பழைய தொழில் நகரங்களில் அது பெரும்பாலும் ஜனநாயகக் கட்சி. ஆகவே உங்கள் ஒப்பீடு நீக்கத்துக்கு முன்பே தொடங்குகிறதா, நீக்கம் முடிந்த பிறகு தொடங்குகிறதா என்று முதலில் பாருங்கள். தொடக்கத் தேதியை ஒரு மாதம் நகர்த்தினாலே "அலை" பாதியாகக் குறைவதைப் பல தடவை பார்த்திருக்கிறேன்.

சரி, உண்மை எண் எங்கே கிடைக்கும்? மாநில அரசின் தேர்தல் துறை ஒவ்வொரு வாரமும் 67 கவுண்டிகளுக்கும் பதிவு எண்ணிக்கையை வெளியிடுகிறது. அதோடு கட்சி மாறியவர்களுக்கென்று தனி அட்டவணையும் உண்டு. ஜனநாயகக் கட்சியில் இருந்து குடியரசுக் கட்சிக்கு, அங்கிருந்து இங்கே, மற்றவர்களில் இருந்து இரண்டுக்கும் என்று கவுண்டி வாரியாகப் பிரித்தே கொடுத்திருப்பார்கள். வாட்ஸ்அப் சண்டைக்கு அந்த ஒரு அட்டவணை போதும். இன்னும் ஆழமாகப் போக வேண்டுமென்றால் 20 டாலர் கட்டி முழு வாக்காளர் கோப்பையும் வாங்கலாம். அதில் ஒவ்வொருவரும் எப்போது பதிந்தார், கடைசியாக எப்போது பதிவில் மாற்றம் வந்தது, எந்தெந்தத் தேர்தலில் ஓட்டுப் போட வந்தார் என்று இருக்கும். யாருக்குப் போட்டார் என்பது எந்தக் கோப்பிலும் இருக்காது. இரண்டு வெவ்வேறு மாதக் கோப்புகளை அடையாள எண்ணை வைத்து இணைத்துப் பார்த்தால், ஏரியின் ஒவ்வொரு மதகும் தனித்தனியாகத் தெரியும்.

அடுத்தது, ஏன் மாறுகிறார்கள்? இங்கே கோப்பு வாய் திறக்காது. மாறிய தேதி தெரியும், மனசு தெரியாது. ஆனால் வருடக்கணக்கில் பார்த்ததில் ஒன்றை நம்பிக்கையோடு சொல்வேன். கட்சி மாறிப் பதிபவர்களில் பெரும்பங்கு, எப்போதோ மனசு மாறியவர்கள். படிவத்தில் இப்போதுதான் மாற்றுகிறார்கள். பழைய நிலக்கரிச் சுரங்க ஊர்களைக் கொண்ட லூசெர்ன் கவுண்டியைப் பாருங்கள், வில்க்ஸ்-பாரியும் ஹேசல்டனும் இருக்கும் கவுண்டி. 2012-இல் அங்கே ஒபாமா ஜெயித்தார். 2016-இல் டிரம்ப் சுமார் 26,000 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். ஆனால் பதிவில் ஜனநாயகக் கட்சி அதற்குப் பிறகும் எட்டு வருடம் முன்னால் இருந்தது. 2024 செப்டம்பரில்தான் குடியரசுக் கட்சி முந்தியது. அன்று அதைப் பெரிய திருப்பம் என்று செய்தி போட்டார்கள். ஓட்டுப் பெட்டியில் திருப்பம் வந்து இரண்டு ஜனாதிபதித் தேர்தல்கள் முடிந்திருந்தன.

அந்தப் பக்கம் வீடு வீடாகப் போன காலத்தில் ஒரு பெரியவர் என்னை வாசல் படியில் உட்கார வைத்துப் பேசினார். தொழிற்சங்கத்தில் இருந்தபோது பதிந்த ஜனநாயகக் கட்சிப் பதிவு அவருடையது. ஜனாதிபதி தேர்தலில் அந்தக் கட்சிக்குப் போட்டுப் பல வருடம் ஆகிவிட்டது என்றார். பின்னே ஏன் மாற்றவில்லை என்று கேட்டேன். எங்கள் ஊர் கவுன்சிலுக்கு நிற்பவர்கள் எல்லாம் இந்தக் கட்சி பிரைமரியில்தானே நிற்கிறார்கள், மாற்றிவிட்டால் அவர்களுக்கு எப்படிப் போடுவது என்றார். அதுதான் விஷயம். உள்ளூரில் எந்தக் கட்சியின் பிரைமரி நிஜமான தேர்தலோ அங்கே பெயர் ஒட்டிக்கொண்டிருக்கும். உள்ளூர் ஆட்களும் மெல்ல மெல்ல அடுத்த கட்சிக்குப் போன பிறகு, ஒரு சூடான பிரைமரி வரும்போது எல்லாரும் சேர்ந்து மாறுவது போலத் தெரியும். பிலடெல்பியாவில் இதே கதை மறுபக்கமாக நடக்கிறது. 1952 ஜனவரிக்குப் பிறகு அங்கே குடியரசுக் கட்சி மேயரே இல்லை. மேயர் யார் என்பது மே மாதம் ஜனநாயகக் கட்சி பிரைமரியில் முடிவாகிவிடும். 2023-இல் ஷெரெல் பார்க்கர் மூன்றில் ஒரு பங்கு ஓட்டோடு அந்தப் பிரைமரியை ஜெயித்து மேயரானார். அந்த ஊரில் ஒருவர் ஜனநாயகக் கட்சியில் பதிவதை வைத்து அவருடைய கொள்கையை ஊகிப்பது சரிவராது.

பதிவு மாற்றம் எதை நிச்சயமாக மாற்றும் என்று கேட்டால், பிரைமரியை மாற்றும். இதற்கு இந்த மாநிலத்திலேயே பாடம் மாதிரி ஓர் உதாரணம் இருக்கிறது. ஆர்லென் ஸ்பெக்டர் இங்கே பல வருடம் குடியரசுக் கட்சி செனட்டர், மிதவாதி. 2004 பிரைமரியில் வலதுசாரியான பேட் டூமியிடம் கிட்டத்தட்டத் தோற்றிருப்பார், பத்து லட்சத்துக்கும் மேல் பதிவான ஓட்டுகளில் சுமார் 17,000 வித்தியாசத்தில் தப்பினார். பிறகு 2008 வந்தது. ஒபாமாவுக்கும் ஹிலாரி கிளின்டனுக்கும் இடையிலான போட்டி ஏப்ரல் 22 வரை முடியாமல் இழுத்து, பென்சில்வேனியா பிரைமரிக்குத் திடீரென்று உயிர் வந்தது. ஜனநாயகக் கட்சிப் பதிவு முதல் தடவையாக 40 லட்சத்தைத் தாண்டியது. பிலடெல்பியாவுக்குப் பக்கத்தில் தலைமுறை தலைமுறையாகக் குடியரசுக் கட்சியின் கோட்டையாக இருந்த பக்ஸ், மாண்ட்கோமரி கவுண்டிகளில் பதிவு ஜனநாயகக் கட்சிப் பக்கம் புரண்டது. ரஷ் லிம்பா என்ற வானொலிப் பேச்சாளர், ஜனநாயகக் கட்சிப் போட்டியை இழுத்தடிக்க கிளின்டனுக்குப் போய் ஓட்டுப் போடுங்கள் என்று குடியரசுக் கட்சிக்காரர்களைக் கூப்பிட்டதும் அப்போதுதான். அதனால் மாறியவர்களும் இருந்திருப்பார்கள், எத்தனை பேர் என்பதைக் கோப்பு சொல்லாது.

ஆனால் அந்த இடப்பெயர்ச்சியின் விளைவை ஸ்பெக்டர் தன் கணக்கில் சரியாகப் பார்த்துவிட்டார். 2009 ஏப்ரலில் கட்சி மாறியபோது, முந்தைய வருடம் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட குடியரசுக் கட்சிக்காரர்கள் பதிவை மாற்றிக்கொண்டார்கள் என்பதையே காரணமாகச் சொன்னார். 17,000-இல் தப்பிய மனிதர் அவர். போனவர்கள் பெரும்பாலும் தனக்குப் போடக்கூடிய மிதவாதிகள் என்று எடுத்துக்கொண்டார், அடுத்த பிரைமரியில் தனக்கு ஆள் இல்லை என்று முடிவு செய்தார். ஜனநாயகக் கட்சிக்குப் போனார், 2010 மே மாதம் அங்கே ஜோ செஸ்டக்கிடம் தோற்றார். டூமி செனட்டரானார். வெளியேறியவர்கள் ஒரு கட்சியை விட்டுப் போகும்போது, மிச்சம் இருக்கும் கட்சியின் குணத்தையும் சேர்த்து மாற்றிவிட்டுப் போகிறார்கள். உங்கள் கவுண்டியில் கவலைப்பட வேண்டியது ஏதாவது இருந்தால் அது இதுதான் என்பேன்.

வேண்டுமென்றே புகுந்து குழப்புகிறார்கள் என்ற இரண்டாவது நண்பரின் வாதத்துக்கு வருகிறேன். அப்படிச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள், சட்டப்படி அதில் தவறும் இல்லை. ஆனால் அதன் வலுவை எல்லாரும் பெரிதாக்கிப் பேசுகிறார்கள். நான் பார்த்ததில் மிகத் தெளிவான உதாரணம் 2022-இல் வயோமிங் மாநிலம். டிரம்பை எதிர்த்த குடியரசுக் கட்சி எம்.பி. லிஸ் சேனி, தன் கட்சி பிரைமரியில் ஹாரியட் ஹேக்மனைச் சந்தித்தார். அப்போது அங்கே வாக்குச்சாவடியிலேயே அன்றே கட்சி மாறலாம். எப்படி மாறுவது என்று சேனியின் பிரசாரமே ஜனநாயகக் கட்சி வாக்காளர்களுக்குத் தபால் அனுப்பியது. ஆயிரக்கணக்கில் மாறினார்கள், பதிவேட்டில் அது பளிச்சென்று தெரிந்தது. முடிவு என்ன? ஹேக்மனுக்கு 1,13,079, சேனிக்கு 49,339. மாநிலத்தின் 23 கவுண்டிகளில் டீட்டன், ஆல்பனி இரண்டில்தான் சேனி முந்தினார். அந்த வருடத் தொடக்கத்தில் மாநிலம் முழுக்க ஜனநாயகக் கட்சியில் பதிந்திருந்தவர்களே சுமார் 45,000 பேர்தான். அத்தனை பேரும் மாறிப் போட்டிருந்தாலும் கிட்டத்தட்ட 64,000 ஓட்டு இடைவெளி அடையாது. அவர்களைக் குழப்பவாதிகள் என்று சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. தங்கள் மாநிலத்தில் முடிவு நடக்கும் ஒரே மேசைக்குப் போய் உட்கார்ந்தார்கள், வாக்குச்சாவடியில் நான் பார்த்த அந்தத் தாய் விரும்பியதும் அதைத்தான். ஆனாலும் 2023-இல் வயோமிங் சட்டத்தை மாற்றியது. மே மாதம் வேட்புமனு தொடங்கியதும் பிரைமரி முடியும் வரை கட்சி மாற முடியாது.

மூன்றாவது கேள்வி, நவம்பர். மாநில அளவில் ஜனநாயகக் கட்சியின் பதிவு முன்னிலை 2016-இல் 9 லட்சத்துக்கும் மேல் இருந்தது. அந்த வருடம் டிரம்ப் சுமார் 44,000 ஓட்டில் ஜெயித்தார். 2020-இல் முன்னிலை 7 லட்சத்துக்குக் கீழே இறங்கியிருந்தது. பைடன் சுமார் 80,000 ஓட்டில் ஜெயித்தார். முன்னிலை 2 லட்சத்துக்கும் மேல் சரிந்த நான்கு வருடத்தில் அந்தக் கட்சி தோல்வியில் இருந்து வெற்றிக்கு வந்திருக்கிறது. 2024-இல் முன்னிலை 3 லட்சத்துக்கும் கீழே போனது, டிரம்ப் சுமார் 1,20,000-இல் ஜெயித்தார். ஆக, சரிவின் திசை நீண்ட காலப் போக்கைச் சொல்கிறது. ஒரு குறிப்பிட்ட நவம்பரை அதை வைத்துச் சொல்ல முடியவில்லை. பக்ஸ் கவுண்டியில் 2024 ஜூலையில் குடியரசுக் கட்சி பதிவில் முந்தியது, நவம்பரில் டிரம்ப் அங்கே சில நூறு ஓட்டில் ஜெயித்தார், 1988-க்குப் பிறகு அந்தக் கட்சி ஜனாதிபதி வேட்பாளர் அங்கே ஜெயிப்பது அதுவே முதல் தடவை. இதைப் பார்த்து, பதிவு சொன்னது பலித்தது என்பார்கள். லூசெர்னில் எட்டு வருடம் பலிக்காமல் இருந்ததையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ஒரு கட்சியில் மட்டும் சூடான போட்டி இருக்கும் வருடத்தில் அந்தப் பக்கம் பதிவு ஏறுவது இயல்பு. உங்கள் கவுண்டியில் இந்தத் தடவை அப்படி ஒரு போட்டி குடியரசுக் கட்சிப் பக்கம் இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால், 1,200-இல் ஒரு பகுதிக்கு விளக்கம் அங்கேயே கிடைத்துவிடும்.

கடைசியாக, உங்கள் சொந்தப் பதிவையும் இன்றே பார்த்துவிடுங்கள். பென்சில்வேனியாவில் புதிதாகப் பதியவும் கட்சி மாற்றவும் கெடு தேர்தலுக்கு 15 நாள் முன்பு. 2019 வரை அது 30 நாளாக இருந்தது. மற்ற மாநிலங்களில் விதி வேறு. நியூயார்க்கில் முன்பெல்லாம் முந்தைய வருடம் அக்டோபரிலேயே மாற்றியிருக்க வேண்டும். 2016 ஏப்ரல் பிரைமரியில் டிரம்பின் பிள்ளைகள் எரிக்கும் இவான்காவும் அந்தக் கெடுவைத் தவறவிட்டு, சொந்த அப்பாவுக்கே ஓட்டுப் போட முடியாமல் போனது. இப்போது அங்கே பிப்ரவரி 14. வேறு மாநிலத்தில் இருக்கும் உறவினர்களுக்கு நீங்கள் பென்சில்வேனியா தேதியைச் சொல்லிவிடாதீர்கள்.

அப்புறம், கட்சி மாறியவர்களின் வாராந்தர அட்டவணையை இந்த வாரமே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். கெடு முடிந்த வாரம் ஒரு தடவை, பிரைமரி முடிந்து மூன்று மாதம் கழித்து இன்னொரு தடவை இறக்குங்கள். ஒரு பிரைமரிக்காக மட்டும் வந்தவர்களில் சிலர் திரும்பிப் போவார்கள், பழைய பதிவை இப்போதுதான் மாற்றியவர்கள் அங்கேயே இருப்பார்கள். மூன்று அட்டவணையும் கையில் இருந்தால் இங்கேயே போடுங்கள், நான் உட்கார்ந்து பார்த்துச் சொல்கிறேன்.